குலையா, கம்பியா?

வண்ணாரப்பேட்டை வாசகர் ஒருவர் குடும்பத்தோடு வேனில் தேனி, கம்பம், கூடலூர் வழியாகத் தேக்கடி போய் வந்திருக்கிறார். சாலையோரத் திராட்சைப் பந்தலில் இறங்கியபோது, “ஏரிக்காற்று படுறதாலதான் சார் இங்க வருஷம் முழுக்கப் பழம்” என்றாராம் வேன் ஓட்டுநர். எம்.சி. ரோட்டுத் தள்ளுவண்டியில் எந்த மாதமும் பன்னீர் திராட்சை கிடைப்பதற்கு அதுதான் காரணமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

இல்லை. ஏரிக்காற்று என்பது ஒயின் சுற்றுலா விளம்பரங்களுக்குப் பிடித்த பேச்சு. ஜெனீவா ஏரி 310 மீட்டர் ஆழம். கோடையில் வாங்கிய வெப்பத்தைக் குளிரில் மெல்ல விடுவதால் கரையோரக் கொடிகள் உறைபனியிலிருந்து தப்புகின்றன. அங்கே அது நியாயம். கம்பத்தில் உறைபனி ஏது? தேக்கடி ஏரியோ மலைக்கு அந்தப்புறம். அது இங்கே அனுப்புவது தண்ணீரை. அந்த ஏரியைத் தேக்கி நிற்கும், 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், சுரங்கம் வழியாக மலையைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது.

வருஷம் முழுக்கப் பழம் தருவது கவாத்துக் கத்தரி. குளிர்நாட்டுக் கொடி இலையுதிர்த்து உறங்கும். கம்பத்துக் கொடிக்கு அந்த உறக்கமே கிடையாது. வெட்டினால் துளிர்க்கும், நாலு மாதத்தில் பழுக்கும். ஈராண்டில் ஐந்து மகசூல்கூட எடுக்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து முன்பின்னாக நடப்பதால் சந்தைக்குப் பழம் வந்தபடியே இருக்கிறது.

வரலாறும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இந்தப் பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்கிறார்கள். ஆனால் பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அது இங்கிலாந்தில் உருவானதே 1850 வாக்கில்தான். பாதிரியார் வேறு ஏதோ திராட்சையைக் கொண்டுவந்திருக்கலாம்.

நான் வியந்து நிற்பது கொடியின் கண்ணுக்குள் நடப்பதைப் பார்த்துத்தான். கணுவிலிருக்கும் மொட்டை நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தால் சின்னஞ்சிறு திசுக் குமிழ் ஒன்று தெரியும். அது பூங்கொத்தாகவும் ஆகலாம், கொடி பிடித்தேறும் பற்றுக்கம்பியாகவும் ஆகலாம். இரண்டும் ஒரே உறுப்பு! தையற்கடையில் வெட்டாமல் கிடக்கும் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சைட்டோகைனின் என்ற தாவர ஹார்மோன் மேஸ்திரியாகிக் கத்தரியைப் பிடித்தால் சட்டை, அதாவது பூங்கொத்து. ஜிப்ரெலின் என்ற இன்னொரு ஹார்மோன் பிடித்தால் வெறும் நாடா, அதாவது பற்றுக்கம்பி. கடையில் வெளிச்சம் இருந்தால் சட்டைகள் அதிகம், இருட்டினால் நாடாக்கள்தான். தீபாவளிச் சட்டையைப் பொங்கலுக்கே வெட்டி வைத்துவிடுகிற கடை இது: இந்த மகசூல் பந்தலில் நிற்கும்போதே அடுத்த மகசூலுக்கான குலைக்கணக்கு முடிந்துவிடுகிறது. பாதி வேலையில் மேஸ்திரி மாறினால் நாடாவிலும் பொத்தான் ஏறிவிடும். பற்றுக்கம்பி ஒன்றில் இரண்டு மூன்று திராட்சை மட்டும் தொங்குவதைப் பந்தலில் பார்க்கலாம்.

ஜிப்ரெலின் பேச்சையே கேட்காத கொடி இருந்தால்? ஷாம்பெயினுக்குப் பயன்படும் பினோ முனியே ரகத்திலிருந்து அப்படியொரு கொடியை ஆஸ்திரேலியாவின் பால் பாஸும் மார்க் தாமஸும் வளர்த்தெடுத்து, 2002-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மாறியிருந்தது ஒரே ஒரு மரபணு. கொடி குட்டையாகிப்போனது, பற்றுக்கம்பி வர வேண்டிய இடங்களில் பூங்கொத்துகள் வந்தன.

அடர்ந்த பந்தல் கண்ணுக்கு அழகு, ஆனால் அந்த நிழல் அடுத்த மகசூலைத் தின்றுவிடும். அதனால்தான் உபரித் துளிர்களைக் கிள்ளி எறிந்து வெயிலை உள்ளே விடுகிறார்கள். பழத்துக்கான பெருமையில் பெரும்பங்கு அந்தக் கைகளுக்கே சேர வேண்டும்.

அடுத்த முறை போகும்போது தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். மருந்து அடித்திருந்தால் எதையும் தொடாதீர்கள். செல்ஃபி எடுத்து முடித்ததும் பற்றுக்கம்பிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். திராட்சை தொங்கும் கம்பி ஒன்று கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.