உங்களுக்குத் தெரியுமா? ஃபோலிக் அமிலத்துக்கு வழிகாட்டிய பரேல்

கர்ப்பிணிகள் தினமும் விழுங்கும் ஃபோலிக் அமில மாத்திரைக்கு வழிகாட்டியது, தாராவிக்குத் தெற்கே பரேலில் நடந்த ஆய்வு!

• 1928-இல் பம்பாய் வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்தில் பணியாற்றினார். கர்ப்பிணிகளான மில் தொழிலாளிப் பெண்களை வாட்டிய ரத்தசோகையை ஆராய்ந்தார்.

• ரொட்டியில் தடவும் ஈஸ்ட் சாறான 'மார்மைட்' அதைக் குணமாக்கியது. முடிவுகள் 1931-இல் வெளியாயின.

• மார்மைட்டில் இருந்து குணமாக்கிய சத்தை 1941-இல் பாலக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

• சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கருவுற்ற நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் உதவுகிறது. எனவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரைக் கேட்டு மாத்திரையைத் தொடங்குங்கள்.

• இரும்புச்சத்தும் கலந்த மாத்திரையா? டீ, காபிக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இல்லையேல் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும்.