ஈஸா (அலை) அவர்களின் மீள்வருகை நெருங்கிவிட்டதா? நாள் குறிப்போர் பற்றிய ஒரு விளக்கம்

 

 

கொழும்பிலிருந்து கண்டிக்கு வருவோர் கடுகண்ணாவை ஏற்றத்தில் வீதியோரமாக, நடுவே துளையிடப்பட்ட ஒரு பெரும் பாறையைக் கண்டிருப்பீர்கள். 1820களில் கப்டன் டோசனின் மேற்பார்வையில் கண்டி வீதி அமைக்கப்பட்ட காலத்தில் குடையப்பட்ட பாறை அது. இன்று பிரதான வீதி அதன் பக்கமாக விலகிச் செல்கிறது. அப்பாறையைப் பற்றி இப்பகுதி மக்களிடையே ஒரு பழங்கதை உண்டு. மலையைத் துளைத்துக்கொண்டு வருபவனைத் தவிர வேறெந்த அந்நியனாலும் கண்டியை அடக்கியாள இயலாது என்று ஒரு முன்னறிவிப்பு இருந்ததாம். அதைக் கேள்வியுற்ற வெள்ளைக்காரர், மக்களின் மனவுறுதியைத் தளர்த்துவதற்காகவே பாறையைக் குடைந்து பாதை போட்டனராம்.

கதையின் உண்மையை அல்லாஹ்வே அறிவான். கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. பாறை குடையப்பட்டது அதற்குப் பின்னர்தான். ஆயினும் இக்கட்டுரையின் விடயத்திற்கு இந்தக் கதை பொருத்தமானது. முன்னறிவிக்கப்பட்ட ஒன்றை நம்பிக் காத்திருப்பவர் ஒரு வகையினர். உளியை எடுத்து அதைத் தம் கையாலேயே நிறைவேற்றிக்கொள்ள முனைபவர் வேறொரு வகையினர்.

சில காலத்திற்கு முன்னர், ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு மாணவர் என்னிடம் வந்தார். புகையிரதத்தில் யாரோ கொடுத்த துண்டுப்பிரசுரம் ஒன்று அவர் கையில் இருந்தது. இயேசு வெகு விரைவில் வரப்போகிறார், ஆயத்தமாகுங்கள் என்பதே அதன் செய்தி. மறுகையிலிருந்த கைப்பேசியில் ஒரு காணொளி. அதில் நம்மவர் ஒருவர் இமாம் மஹ்தியும் ஈஸா (அலை) அவர்களும் வரப்போகும் ஆண்டைக் கணக்கிட்டுக் கூறிக்கொண்டிருந்தார். "ஹஸ்ரத், இரண்டு பக்கத்தாரும் ஒன்றைத்தானே சொல்கிறார்கள்? அப்படியானால் நான் எதற்காகப் பரீட்சை எழுத வேண்டும்?" என்று அவர் கேட்டார். விளையாட்டாக அவர் கேட்கவில்லை. வீட்டில் புத்தகங்களை மூடி வைத்துவிட்டே வந்திருந்தார். அன்று அவரிடம் சொன்னதையும், நேரம் போதாமையால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

முதலில் கிறிஸ்தவ சகோதரர்களின் நம்பிக்கையை அவர்கள் கூறுகின்றவாறே விளங்கிக்கொள்வோம். இயேசு சிலுவையில் மரித்து, உயிர்த்தெழுந்து, வானுலகம் சென்றார் என்றும், உயிருள்ளோரையும் மரித்தோரையும் தீர்ப்பிட மீண்டும் வருவார் என்றும் அவர்கள் நம்புகின்றனர். கத்தோலிக்கத் திருச்சபை நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் திருவருகைக் காலம் என அனுஷ்டிப்பதிலும் இவ்வெதிர்பார்ப்பு அடங்கியுள்ளது. ஆதிக் கிறிஸ்தவர்களின் அரமேய மொழிப் பிரார்த்தனைகளுள் 'மாரனாதா' என்பதும் ஒன்று. 'எங்கள் ஆண்டவரே வாரும்' என்பது அதன் பொருள்.

அந்த முதல் தலைமுறையினர் தமது வாழ்நாளிலேயே அவர் வந்துவிடுவார் என்று எதிர்பார்த்தனர். பவுல் தெசலோனிக்கேய சபைக்கு எழுதிய முதலாவது நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் இவ்வெதிர்பார்ப்புத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதே சபைக்கு எழுதப்பட்ட இரண்டாவது நிருபத்திலோ, உழைக்காமல் திரிந்துகொண்டிருந்த சிலர் கண்டிக்கப்படுகின்றனர். நாள் வந்தேவிட்டது என்று யாரேனும் சொன்னால் கலங்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அங்கு உண்டு. அந்நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர எவரும் அறியார் என்று இயேசு கூறியதாக மத்தேயு 24ஆம் அதிகாரமும் மாற்கு 13ஆம் அதிகாரமும் சொல்கின்றன. ஆகவே நாள் குறிப்பது அவர்களுடைய வேதத்தின்படியும் தடுக்கப்பட்டதே.

இருந்தும் குறித்தார்கள். அவர்களுள் மிகப் பிரசித்தமானவர் அமெரிக்க விவசாயியான வில்லியம் மில்லர். தானியேல் ஆகமத்தின் எட்டாம் அதிகாரத்தில் வரும் 2300 நாட்களை 2300 ஆண்டுகள் எனக் கொண்டு, கி.மு. 457இலிருந்து எண்ணி, 1843 அளவில் இயேசு வருவார் என்று அவர் பிரசங்கித்தார். அது பொய்த்தபோது, கி.மு.வுக்கும் கி.பி.க்கும் இடையில் பூச்சிய ஆண்டு என ஒன்றில்லை, எனவே ஓராண்டு கூட்ட வேண்டும் என்று கணக்குத் திருத்தப்பட்டது. இறுதியில் 1844 ஒக்டோபர் 22 என ஒரே நாள் குறிக்கப்பட்டது. சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டனர். வியாபாரத்தை மூடியோரும் உண்டு. அன்றிரவு முழுவதும் விழித்திருந்தனர். மறுநாள் வழமைபோல் சூரியன் உதித்தது. 'மாபெரும் ஏமாற்றம்' என்றே அமெரிக்க வரலாற்றில் அந்நாளுக்குப் பெயர்.

இது எங்கோ தூரதேசத்துச் செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். அந்த ஏமாற்றத்திற்குப் பின் எஞ்சியவர்களுள் ஒரு பிரிவினரே 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையாக அமைந்தனர். கண்டி வாவிக்கு அருகில் லேக்சைட் வைத்தியசாலையை அமைத்தவர்கள் அவர்களே. மயிலப்பிட்டியவில் லக்பஹன கல்லூரியும் அவர்களுடையதே. நம்மவர்களும் அந்த வைத்தியசாலையை நாடியிருக்கின்றனர். சனிக்கிழமையை ஓய்வு நாளாகப் பேணி, பன்றி இறைச்சியையும் மதுவையும் தவிர்த்து வாழ்பவர்கள் அவர்கள். வருகை அண்மையில் என்று இன்றும் நம்புகின்றனர். ஆனால் நாள் குறிப்பதில்லை. ஏமாற்றத்திலிருந்து பாடம் கற்று, வைத்தியசாலையும் கல்லூரியும் கட்டியவர்களை நாம் ஏளனம் செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

பாடம் கற்காதவர்களும் உண்டு. 'காவற்கோபுரம்' சஞ்சிகையுடன் வீடு வீடாக வரும் யெகோவாவின் சாட்சிகள் ஒரு காலத்தில் 1914ஐ முடிவாண்டாக எதிர்பார்த்தனர். அது கடந்தபின், அவ்வாண்டில் கண்ணுக்குத் தெரியாத வருகை நிகழ்ந்தது என்று விளக்கம் சொன்னார்கள். பின்னர் 1975ஐ நோக்கி எதிர்பார்ப்பு எழுந்தபோது சிலர் வீடுகளை விற்றனர். ஹெரல்ட் கேம்பிங் என்பவரோ ஒரு வானொலிப் பிரசங்கி. 1994ஐக் கூறிப் பொய்த்த பின்னரும், 2011 மே 21 என்று உலகெங்கும் விளம்பரப் பலகைகள் நாட்டச் செய்தார். அதுவும் தவறியபோது ஒக்டோபர் 21 என்றார். 2012இல் தான் தவறிழைத்ததை ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு மரணமானார். அவரை நம்பிச் சேமிப்பையெல்லாம் செலவழித்தவர்களுக்கு எவரும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வானொலியில் பேசுகின்ற என் போன்றோர் இவரை நினைத்து அஞ்ச வேண்டும். கேட்பவர் முகம் நமக்குத் தெரிவதில்லை.

இதுவரை கூறியவற்றில் நட்டம் நம்பியவர்களுக்கு மட்டுமே. பாறையைக் குடைபவர் வந்தால் நட்டம் மற்றவருக்கும் ஏற்படுகிறது.

1969 ஓகஸ்ட் 21ஆம் திகதி பைத்துல் முகத்தஸில் நடந்ததை உங்கள் பாட்டன்மார் அறிவார்கள். டெனிஸ் மைக்கல் ரொஹான் என்ற அவுஸ்திரேலிய இளைஞன் மஸ்ஜிதுல் அக்ஸாவினுள் நுழைந்து தீ வைத்தான். சுல்தான் நூருத்தீன் ஸன்கீ அவர்கள், பைத்துல் முகத்தஸ் சிலுவைப் படையினர் வசமிருந்த காலத்திலேயே அதற்கென ஒரு மிம்பரைச் செய்வித்திருந்தார்கள். 1187இல் அந்நகரை மீட்ட ஸலாஹுத்தீன் ஐயூபி அவர்கள் அதனைக் கொண்டுவந்து அங்கு வைத்தார்கள். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் ஆலிம்கள் ஏறி நின்ற அந்த மிம்பர் சாம்பலானது. அக்ஸா அழிந்தால் அவ்விடத்தில் யூத ஆலயம் எழும், ஆலயம் எழுந்தால் இயேசு வருவார் என்பதே அவனது எண்ணம். நீதிமன்றம் அவனைச் சித்தசுவாதீனமற்றவன் எனத் தீர்மானித்தது. கிறிஸ்தவ உலகம் அவனைத் தன் பிரதிநிதியாகக் கொள்ளவுமில்லை. எனினும் ஒரு கலங்கிய மனதின் கையில் 'வருகை அண்மையில்' என்ற எண்ணம் எவ்வாறு தீக்குச்சியாயிற்று என்பதைக் கவனியுங்கள். முஸ்லிம் நாடுகள் அடுத்த மாதமே ரபாத் நகரில் கூடியதும், இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு உருவானதும் அத்தீயின் விளைவாகவே. அக்ஸாவுக்குப் புதிய மிம்பர் கிடைத்தது 2007இல்தான்.

இதை வாசிக்கும்போது நம் மனம் கொதிக்கிறது. இனி வருவதையும் அதே நேர்மையுடன் வாசியுங்கள்.

ஹிஜ்ரி 1400 முஹர்ரம் முதலாம் நாள், அதாவது 1979 நவம்பர் 20, மஸ்ஜிதுல் ஹராமில் பஜ்ர் தொழுகை முடிந்த வேளையில் ஜுஹைமான் அல்உதைபி என்பவன் ஆயுதம் தரித்த நூற்றுக்கணக்கானோருடன் ஹரமைக் கைப்பற்றினான். தன் மைத்துனன் முஹம்மத் இப்னு அப்துல்லாஹ் அல்கஹ்தானியே மஹ்தி என்று அறிவித்தான். அவனுடைய நியாயங்களைப் பாருங்கள். மஹ்தியின் பெயரும் தந்தை பெயரும் நபியவர்களின் பெயர்களை ஒத்திருக்கும் என்று அறிவிப்பு உண்டு, பெயர் பொருந்தியது. ருக்னுக்கும் மகாமுக்கும் இடையில் அவருக்கு பைஅத் செய்யப்படும் என்று அறிவிப்பு உண்டு. துப்பாக்கியுடன் அழைத்துச் சென்று அங்கேயே நிறுத்தினான். புதிய நூற்றாண்டின் முதல் நாளும் தெரிந்தெடுக்கப்பட்டது. கனவுகளும் சாட்சிக்கு வந்தன. இரு வாரங்கள் கஃபாவைச் சுற்றி இரத்தம் சிந்தப்பட்டது. 'மஹ்தி' அச்சண்டையிலேயே கொல்லப்பட்டான். ஜுஹைமானும் சகாக்களும் 1980 ஜனவரியில் தண்டிக்கப்பட்டனர்.

அண்மைக் காலத்திலும் இது நிகழ்ந்தது. உரோமருடன் நடைபெறும் ஒரு போரைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸில் தாபிக் என்ற ஊரின் பெயர் உண்டு. ஐ.எஸ். இயக்கத்தினர் 2014இல் சிரியாவின் அந்தச் சிற்றூரைப் பிடித்தனர். தமது சஞ்சிகைக்கும் அப்பெயரையே சூட்டினர். இறுதிப் போர் தொடங்கிவிட்டது என்று கூறி உலகெங்கும் இளைஞர்களை அழைத்தனர். 2016 ஒக்டோபரில் அவ்வூரை இழந்தனர். போரோ முன்னறிவிக்கப்பட்ட போராக இருக்கவில்லை. அதற்குள் நஞ்சு நம் நாட்டையும் வந்தடைந்திருந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் இருந்தவர்களையும், கொழும்பு ஹோட்டல்களில் இருந்தவர்களையும் கொன்றவர்கள் அந்த இயக்கத்தின் தலைவனுக்கு பைஅத் செய்தவர்கள். 250இற்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. ஈஸாவின் வருகையை எதிர்பார்த்துத் தொழுதுகொண்டிருந்த பெண்களும் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். அதன் பின்னர் நம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாயல்களும் எதிர்கொண்டவற்றை நான் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை.

அப்படியாயின் நம் நம்பிக்கைதான் என்ன? ஈஸா (அலை) அவர்கள் கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை, அல்லாஹ் அவர்களைத் தன்பால் உயர்த்திக்கொண்டான் என்று ஸூரா அந்நிஸா 157, 158ஆம் வசனங்கள் அறிவிக்கின்றன. அவர்கள் நீதி செலுத்துபவராக இறங்குவார்கள் என்பது புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. திமிஷ்கின் கிழக்கே வெண்ணிற மனாராவினருகே இறங்கி, லுத் வாயிலில் தஜ்ஜாலைக் கொல்வார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஆண்டு எதுவும் எங்கும் கூறப்படவில்லை. மறுமை நாளின் அறிவு தன்னிடம் மட்டுமே உள்ளது, அது திடீரென்றே வரும் என்று அல்லாஹ் ஸூரா அல்அஃராப் 187ஆம் வசனத்தில் அறிவிக்கிறான். ஜிப்ரீல் (அலை) அவர்கள் கேட்டபோது, கேட்பவரைவிடத் தாம் அதிகம் அறிந்தவரல்லர் என்றே நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அல்லாஹ்வின் தூதர் அறியாததைக் காணொளியில் பேசுபவர் எங்கிருந்து அறிந்தார்?

'நெருங்கிவிட்டது' என்று குர்ஆனே சொல்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. ஸூரா அல்கமர் அவ்வாறே தொடங்குகிறது. நபி (ஸல்) அவர்கள் இரு விரல்களைச் சேர்த்துக் காட்டியதும் ஸஹீஹான ஹதீஸே. அதன் பின் பதினான்கு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. உம்முடைய இரட்சகனிடத்தில் ஒரு நாள் நீங்கள் எண்ணும் ஆயிரம் ஆண்டுகளைப் போன்றது என்பது ஸூரா அல்ஹஜ்ஜின் கருத்து. அந்த 'நெருக்கத்தை' நம் நாட்காட்டியால் அளக்கப் புகுந்தவர்கள் எல்லோரும் வழுக்கினார்கள். இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்களின் காலத்தில், ஹிஜ்ரி ஆயிரத்திற்குள் கியாமத் வந்துவிடும் என்று பேசப்பட்டது. அதை மறுத்து அவர்கள் ஒரு சிறுநூல் எழுதினார்கள். ஆயினும் அதிலேயே இவ்வுலகின் ஆயுள் 1500ஐத் தாண்டாது என்று ஒரு மதிப்பீட்டையும் கூறினார்கள். பிற்கால அறிஞர்கள் அம்மதிப்பீட்டை ஏற்கவில்லை. ஹிஜ்ரி 1440களில் வாழும் நம்மிடம் அந்த 1500ஐ ஏந்திக்கொண்டு வருபவர்கள், அந்த மறுப்பை மட்டும் சொல்வதில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இத்தகைய காணொளியை உங்களிடம் காட்டினால் முதலில் அதட்டாதீர்கள். காட்டுகிறான் என்றால் இன்னும் உங்களை நம்புகிறான். அவனுடன் அமர்ந்து பாருங்கள். பேசுபவர் ஆண்டு குறிக்கிறாரா? பணம் கேட்கிறாரா? படிப்பையோ வீட்டையோ விட்டுவிடச் சொல்கிறாரா? வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் இதைச் சொல்லாதே என்கிறாரா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உங்கள் ஊர் ஆலிமிடம் அவனை அழைத்துச் செல்லுங்கள். நீங்களும் கூடச் செல்லுங்கள், தனியே அனுப்பாதீர்கள்.

அந்த மாணவரிடம் நான் அன்று கூறியது அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸைத்தான். ஒரு மனிதர் வந்து கியாமத் எப்போது என்று கேட்டார். நபி (ஸல்) அவர்கள் அவருக்கு நாள் சொல்லவில்லை. அதற்காக நீர் எதைத் தயார்செய்து வைத்திருக்கிறீர் என்று திருப்பிக் கேட்டார்கள். அதிகமான தொழுகையோ நோன்போ தன்னிடம் இல்லை, அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிக்கிறேன் என்றார் அவர். நேசித்தவர்களுடனேயே இருப்பீர் என்று நபியவர்கள் நற்செய்தி கூறினார்கள்.

மாணவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்தான் ஹஸ்ரத், இரசாயனவியலில் பாதியும் படிக்கவில்லை" என்றார். அப்படியானால் அஸருக்கு முன் ஒரு பாடத்தை முடிக்கலாமே என்றேன். துண்டுப்பிரசுரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு நோக்கி நடந்தார்.