தயிர் இருக்கட்டும், உப்புக் கரைசல் எங்கே?

குழந்தைக்குப் பேதி என்றதும் வீட்டுப் பெரியவர்கள், "பாலை நிறுத்து, மோர்ச்சோறு கொடு" என்பார்கள். மருந்துச் சீட்டிலோ புரோபயாடிக் பொடி இடம்பிடிக்கிறது. நல்ல பாக்டீரியா உள்ளே போனால் வயிறு சரியாகும் என்பதே இரண்டு தரப்பின் நம்பிக்கையும்.

மோர்ச்சோற்றில் நியாயம் இருக்கிறது. பேதியில் குடலின் உள்சுவர் புண்பட்டு, பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைகிறது. பால் தயிராகும்போதே பாக்டீரியா அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. அதனால் ஆறு மாதம் தாண்டி, சோறு பழகிய பிள்ளைக்குக் குழைந்த தயிர்சோறு தெம்பு தரும். தாய்ப்பாலை மட்டும் எந்த வயதிலும் நிறுத்தக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மோரும் வேண்டாம்.

பொடியின் கதை வேறு. 63 ஆய்வுகளைத் திரட்டி 2010இல் வந்த ஒரு மதிப்பீடு, புரோபயாடிக் பேதியை ஏறக்குறைய ஒரு நாள் குறைக்கும் என்றது. நம்பிக்கை பரவியது. 2018இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், மூன்று மாதம் முதல் நான்கு வயது வரையிலான 1,800க்கும் அதிகமான குழந்தைகளிடம் நடந்த இரு பெரிய சோதனைகளின் முடிவுகள் வந்தன. புரோபயாடிக் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சொல்லும்படியான வேறுபாடே இல்லை. 2020இல் 82 ஆய்வுகளுடன் புதுப்பிக்கப்பட்ட அதே மதிப்பீடும் பலன் பெரிதாக இல்லை என்றது. குறிப்பிட்ட சில நுண்ணுயிர் வகைகள் உதவும் என்று கருதும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

என் கவலை, இந்தப் பொடியை நம்பி ஓஆர்எஸ் எனும் உப்புக் கரைசலை மறந்துவிடுகிறோம் என்பதுதான். பேதியில் குழந்தையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பு. பேதியில் குடல் கெட்டிருந்தாலும் பெரும்பாலும் குளுக்கோஸும் உப்பும் சரியான அளவில் சேர்ந்து போனால் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா மரணங்களை 30 சதவீதத்திலிருந்து நான்குக்கும் கீழே கொண்டுவந்தது இந்த எளிய கரைசல். அதனுடன் துத்தநாக மருந்தும் தருவதே இன்றைய சிகிச்சை.

கரைசலைக் கொடுப்பதிலும் தவறு நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை டம்ளர் தண்ணீரில் கொட்டினால் உப்பு மிஞ்சி ஆபத்தாகும். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ் என்று நம்பிக் கொடுத்தால், மிகுதியான சர்க்கரை பேதியைக் கூட்டும்.

பெற்றோரே, முதல் தண்ணிப் பேதியிலேயே கரைசலைத் தொடங்குங்கள். ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். தயிரும் பொடியும் கரைசலுக்குப் பிறகுதான்.