புல்வெளியிற் பெற்ற பட்டா

நிலத்தின்மேல் மனிதனுக்குள்ள பற்று மிகப் பழமையானது. பிறர் நிலத்தில் உழுது பிழைப்பவன், தனக்கென்று ஒரு துண்டு நிலம் வேண்டுமென்று ஏங்குவது எந்நாட்டிலும் இயல்பு. அவ்வேக்கம் முதிர்ந்தபோது, மக்கள் பிறந்த ஊரையும் உற்றாரையும் துறந்து கடல் கடந்திருக்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கப் புல்வெளிக்குச் சென்று குடியேறிய உழவர் குடும்பங்களின் வரலாறு இதற்கு ஒரு சான்றாகும். அவர்களுக்கு நிலம் விலையின்றிக் கிடைத்தது என்று கூறுவர். அக்கூற்று எவ்வளவிற்கு உண்மை என்பதை இங்கே காண்போம்.

அக்கால இங்கிலாந்து உலகில் செல்வம் மிக்க நாடுகளுள் ஒன்றாக விளங்கியது. ஆலைகள் பெருகின, அதன் கப்பல்கள் எல்லாக் கடல்களிலும் ஓடின. எனினும், நாட்டுப்புறத்து உழவுத் தொழிலாளியின் நிலை இரங்கத்தக்கதாகவே இருந்தது. 1870-களில் அரசாங்கம் எடுத்த நிலவுடைமைக் கணக்கு, நாட்டு நிலத்தின் பெரும்பகுதி சில ஆயிரவர் கையிலேயே குவிந்து கிடந்ததை வெளிப்படுத்தியது. வார்விக்ஷயர் போன்ற மாவட்டங்களில் உழவுத் தொழிலாளியின் வாரக்கூலி ஏறத்தாழ 12 ஷில்லிங்கே. அக்கூலியைக் கொண்டு குடும்பத்தைக் காப்பதே அரிது. நிலம் வாங்குவது கனவிலும் இயலாது. 1872-ஆம் ஆண்டில் ஜோசப் ஆர்ச் என்னும் தொழிலாளி, உழவுத் தொழிலாளரை ஒன்று திரட்டிச் சங்கம் அமைத்தார். அச்சங்கம் கூலி உயர்வு கேட்டதோடு நில்லாது, வெளிநாடு சென்று வாழ விரும்பினோர்க்கும் துணை செய்தது.

அந்நாளில் அமெரிக்காவில் ஒரு புதிய சட்டம் நடைமுறையில் இருந்தது. 1862-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் குடிநிலச் சட்டத்திற் கையெழுத்திட்டார். குடும்பத் தலைவராயினும், 21 வயது நிரம்பியவராயினும், அரசாங்க நிலத்தில் 160 ஏக்கர் வரை பதிவு செய்துகொள்ளலாம் என்று அச்சட்டம் கூறிற்று. மணமாகாத பெண்டிரும் கைம்பெண்டிரும்கூட இவ்வுரிமையைப் பெற்றனர். நிலத்திற்கு விலை இல்லை. பதிவுக் கட்டணமாக ஏறத்தாழ 18 டாலர் மட்டும் செலுத்தினாற் போதும். ஆனால், பதிவு செய்தவர் ஐந்தாண்டுகள் அந்நிலத்திலேயே குடியிருந்து, வீடு கட்டிப் பயிர் செய்தல் வேண்டும். அதன்பின்னரே பட்டா வழங்கப்பெறும். 1863-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே நெபிராஸ்காவில் டேனியல் ஃப்ரீமன் என்பவர் தம் நிலத்தைப் பதிவு செய்தார். செய்தி பரவியது. புகைவண்டி நிறுவனங்களும் தங்கள் பாதையை ஒட்டிய நிலங்களை விற்கக் கருதி, இங்கிலாந்தின் ஊர்களிலெல்லாம் விளம்பரம் செய்தன.

இவ்வாறு சென்றவர்களுட் சிலர் தம் வாழ்க்கையை எழுதி வைத்துள்ளனர். சிறுவனாகத் தந்தையுடன் கான்சாஸ் சென்ற பெர்சி எபட் என்பவர், அங்கே தாம் பட்ட பாட்டை ஒரு நூலாக்கி, 1886-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்டார். அதே ஆண்டில் சாலமன் புச்சர் என்னும் நிழற்படக் கலைஞர், நெபிராஸ்காவின் கஸ்டர் மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று குடியேறியவர்களைப் படம் பிடிக்கத் தொடங்கினார். அவர் எடுத்த படங்கள் ஆயிரத்திற்கு மேற்பட்டவை. இவை போன்ற சான்றுகளைக் கொண்டு, 1872-ஆம் ஆண்டில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்ட ஒரு குடும்பம் எவ்வாறு வாழ்ந்திருக்கும் என்பதை நாம் மனக்கண்ணால் தொடர்ந்து செல்லலாம். தந்தை, தாய், மூத்த மகன், இளைய மகள் என்னும் நால்வர் கொண்டது அக்குடும்பம் என்று கொள்வோம்.

தட்டுமுட்டுப் பொருள்களை விற்றுப் பணமாக்கி, அவர்கள் லிவர்பூல் துறைமுகத்தை அடைகின்றனர். நீராவிக் கப்பலின் அடித்தளத்தில், நெருக்கமான படுக்கைகளில், ஏறத்தாழ இரண்டு வாரப் பயணம். நியூயார்க்கில் இறங்கியதும், குடியேறுவோரை வரவேற்றுப் பதிவு செய்யும் காசில் கார்டன் என்னும் நிலையத்தைக் கடக்கின்றனர். பின்னர்ப் பல நாள் புகைவண்டிப் பயணம். காடுகள் மறைகின்றன; குன்றுகள் மறைகின்றன; இறுதியில் மரங்களும் மறைகின்றன. நெபிராஸ்காவின் நடுப்பகுதியில் இறங்கி நோக்கினால், நாற்புறமும் வானம் தொடும் எல்லை வரை புல்லே தெரிகின்றது. வேலியும் வரப்பும் சிறுவயல்களுமாக இருந்த ஊரிற் பிறந்தவர்களுக்கு அக்காட்சி வியப்பையும் அச்சத்தையும் ஒருங்கே தந்திருக்கும்.

நிலம் இலவசமாயினும், உழவுக்கு வேண்டியவை இலவசமல்ல. வண்டி, எருதுகள், கலப்பை, அடுப்பு, விதை, முதல் அறுவடை வரை உண்பதற்கு மாவு ஆகிய அனைத்திற்கும் சில நூறு டாலர் வேண்டும். கொண்டுவந்த சேமிப்பு இவ்வாறே கரைந்து போகின்றது. தந்தை நில அளவைக் குறிகளைத் தேடிச் சென்று, பக்கத்திற்கு அரை மைலாக அமைந்த சதுர நிலம் ஒன்றைத் தெரிந்தெடுக்கின்றார். அதுவே 160 ஏக்கர்.

பதிவு அலுவலகத்தில் அவர் முன் ஒரு பெரிய கேள்வி நிற்கின்றது. அமெரிக்கக் குடிமகன் ஆகாதவர் நிலம் பதிவு செய்ய வேண்டுமாயின், குடிமகன் ஆவதற்குத் தமக்குள்ள எண்ணத்தை முதலில் உறுதிமொழியாக எழுதித் தருதல் வேண்டும். அவ்வுறுதிமொழியில், தாம் இதுவரை பற்றுக் கொண்டிருந்த அரசரின் பெயரைக் குறிப்பிட்டு, அப்பற்றை நீங்குவதாகக் கூற வேண்டும். ஆங்கிலேயராகிய அவர் விக்டோரியா அரசியின் பெயரைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் குடியாகப் பிறந்தவர் என்றும் பிரிட்டிஷ் குடியே என்பது அந்நாட்டின் பழைய சட்டம். வேற்றுநாட்டுக் குடியுரிமை பெற்றவர் பிரிட்டிஷ் குடிமையினின்று நீங்கலாம் என்னும் நிலை 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேதான் ஏற்பட்டது. ஆகவே, நிலத்திற்காக அவர் கொடுக்கும் முதல் விலை, டாலர் அன்று. தம் பிறந்த நாட்டுக் குடிமையே ஆகும்.

அடுத்து வீடு வேண்டும். மரமும் கல்லும் இல்லாத வெளியில் எதைக் கொண்டு வீடு கட்டுவது? காலடியிற் கிடந்த மண்ணே அதற்கு விடையாயிற்று. புல்வேர்கள் பல தலைமுறைகளாகப் பின்னிப் பிணைந்து கிடந்தமையால், அம்மண் பாய்போல் உரிந்து வரும். தனிவகைக் கலப்பை ஒன்றினால் ஓரடி அகலத்திற்கு அதனை உரித்து, மண்வெட்டியால் மூன்றடி நீளப் பாளங்களாக வெட்டுவர். அப்பாளங்களைப் புற்பக்கம் கீழாகச் செங்கல்போல் அடுக்கிச் சுவர் எழுப்புவர். சுவரின் கனம் இரண்டடிக்கும் மேலாக இருக்கும். ஓடைக்கரையில் அரிதாகக் கிடைக்கும் மரக்கொம்புகளைக் குறுக்கே இட்டு, அதன்மேல் புதர்க்குச்சியும் மண்பாளமும் பரப்பிக் கூரை அமைப்பர். இவ்வீடு கோடையிற் குளிர்ந்தும், பனிக்காலத்தில் வெதுவெதுப்பாகவும் இருக்கும். புல்வெளித் தீக்கு எளிதில் இரையாகாது. ஆனால், மழை பெய்தால் கூரை ஒழுகும். வெளியே மழை நின்ற பின்னும் உள்ளே சேறு சொட்டிக்கொண்டிருக்கும். சமைக்கும் பாத்திரத்திற் புழுதி விழும். சிலபோது பாம்பும் விழுவதுண்டு. இதனைத் தடுக்கத் தாய்மார் கூரையின் கீழே துணியைக் கட்டி வைத்தனர்.

புல்வெளி வாழ்க்கையில் பெண்டிரும் குழந்தைகளும் தாங்கிய சுமை சிறிதன்று. விறகு இல்லாத இடத்தில் அடுப்பு எரிப்பதே ஒரு நாள் வேலை. வெளியெங்கும் கிடந்த காட்டெருமைச் சாணம் காய்ந்து வறட்டியாகியிருக்கும். குழந்தைகள் சாக்குகளில் அதனைப் பொறுக்கி வருவர். அது தீர்ந்த பின், நீண்ட புல்லைக் கயிறுபோல் முறுக்கி எரித்தனர். சோளக்கதிர் கழித்த சக்கையும் அடுப்பிற்குப் பயன்பட்டது. மேட்டு நிலங்களில் நூறடிக்கு மேல் தோண்டினாலன்றி நீர் ஊறாது. கிணறு வெட்டும் வரையில், தொலைவிலுள்ள ஓடையிலிருந்து பீப்பாய்களில் நீர் கொண்டு வந்தனர். அண்டை வீடு அரை மைலுக்கு அப்பால். நோய் வந்தால் மருத்துவர் இல்லை. மகப்பேற்றுக்கு அயல்வீட்டுப் பெண்ணே துணை. காற்றின் ஒலியன்றி வேறோர் ஒலியும் கேளாத தனிமையே பலரை வாட்டியது.

முதல் உழவு மிகக் கடினமானது. வேர்கள் இறுகிய அந்நிலத்தை எஃகுக் கொழு பூட்டிய கலப்பையாலன்றிக் கிழித்தல் இயலாது. அதனை இழுக்கப் பல எருதுகள் வேண்டும். முதலாண்டில் சில ஏக்கர்களையே திருப்ப முடிந்தது. புரட்டிய பாளங்களைக் கோடரியால் வெட்டி, அவ்வெட்டில் மக்காச்சோள விதையை இட்டுக் காலால் மிதித்து மூடினர். விளைவு சிறிதேயாயினும், தன் நிலத்தில் விளைந்த முதற் கதிரைக் கையில் ஏந்திய உழவனின் மகிழ்ச்சிக்கு அளவேது?

இரண்டாம் ஆண்டு நிலம் மேலும் திருந்தியது. மூன்றாம் ஆண்டு, அஃதாவது 1874-ஆம் ஆண்டுக் கோடையில், பெருந்துன்பம் ஒன்று வானிலிருந்து இறங்கியது. வெயில் மங்கியது, வெண்முகில்போல் ஒன்று மின்னிக்கொண்டு அணுகியது. அது மழைமுகில் அன்று; பாறை மலைப் பகுதியிலிருந்து வந்த வெட்டுக்கிளிக் கூட்டம். டக்கோட்டா முதல் டெக்சாஸ் வரை அக்கூட்டங்கள் பரவின. சோளப்பயிரை அடியோடு தின்றன. வெங்காயத்தை மண்ணுக்குள்ளும் குடைந்து தின்று, குழியை மட்டும் விட்டுச் சென்றன. காய்கறிப் பாத்தியைக் காக்கப் பெண்கள் போர்வை கொண்டு மூடினால், போர்வையையும் தின்றன. உழவரின் வியர்வை படிந்த கருவிப் பிடிகளையும் அரித்தன. தண்டவாளங்களின்மேல் அவை நசுங்கி வழுக்கியதால் புகைவண்டிகளும் நின்றனவாம்.

அவ்வாண்டுப் பனிக்காலத்திற் பல குடும்பங்கள் வண்டியைத் திருப்பிக் கிழக்கு நோக்கிச் சென்றுவிட்டன. எஞ்சியோர்க்கு அரசாங்கமும் அறநிலையங்களும் உணவும் உடையும் விதையும் அளித்தன. பயிர் இழந்தவர்கள் உரிமையை இழவாமல் சிறிது காலம் நிலத்தை விட்டகன்று கூலிவேலை செய்யவும் இசைவு தரப்பெற்றது. நம் குடும்பத்துத் தந்தையும் புகைவண்டிப் பாதை வேலைக்குச் சென்றார் என்று கொள்ளலாம். பலர் அவ்வாறே செய்தனர். அப்போது வீட்டையும் மாட்டையும் காத்தவர்கள் தாயும் மக்களுமே. ஒருவர்க்கொருவர் உதவினாலன்றி அங்கே உயிர் வாழ்தல் அரிது என்பதை இத்துன்பம் யாவர்க்கும் உணர்த்தியது. ஒருவர் கிணற்றை ஊரார் கூடி வெட்டினர். ஒருவர் எருதை அயலார் ஏரிற் பூட்டினர். அனைவரும் சேர்ந்து மண்பாளங்களாலேயே பள்ளிக்கூடமும் கட்டினர்.

1877-ஆம் ஆண்டில் ஐந்தாண்டு நிறைகின்றது. தந்தை அயலார் இருவரைச் சான்றாக அழைத்துக்கொண்டு பதிவு அலுவலகம் செல்கின்றார். இன்னார் இந்நிலத்தில் இடைவிடாது குடியிருந்தார், வீடு கட்டினார், இத்தனை ஏக்கர் உழுதார் என்று அவர்கள் உறுதி கூறுகின்றனர். அதற்குள் அவர் அமெரிக்கக் குடிமகனாகிவிட்டமைக்கும் சான்று காட்டுகின்றார். அக்காலச் சட்டப்படி, கணவர் குடிமகனானால் மனைவியும், வயது நிரம்பாத மக்களும் அக்குடியுரிமையை எய்துவர். பின்னர்க் குடியரசுத் தலைவரின் பெயரால் பட்டா வருகின்றது. சாலமன் புச்சர் எடுத்த படங்களைப் பார்த்தால், இம்மக்கள் எத்துணைப் பெருமையோடு தம் மண்வீட்டின் முன் நிற்கின்றனர் என்பது புலனாகும். குதிரை, பசு, மேசை, இசைப்பெட்டி எனத் தமக்குரிய அனைத்தையும் வெளியே கொண்டுவந்து வைத்து, அவற்றின் நடுவே நிற்கின்றனர்.

பட்டா பெற்றதோடு துன்பம் தீர்ந்துவிடவில்லை. 1888-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் திடீரென எழுந்த பனிப்புயலில், பள்ளியிலிருந்து வீடு திரும்பிய குழந்தைகள் உட்பட இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடுகின்றனர். 1890-களில் கடும் வறட்சி வந்தது. மேற்கே செல்லச் செல்ல மழை குறையும். ஈரமிக்க நாட்டில் ஒரு குடும்பத்திற்குப் போதுமான 160 ஏக்கர், வறண்ட புல்வெளியில் போதாது. மேய்ச்சல் நிலமாயின் ஒரு குடும்பத்திற்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்று ஜான் வெஸ்லி பவல் என்னும் அறிஞர் 1878-லேயே எடுத்துக் காட்டினார். சட்டம் அதனை உடனே கேட்கவில்லை. அதனாற் பலர் தோற்றனர். குடிநிலச் சட்டத்தின் கீழ்ப் பட்டா பெற்றவர்கள் ஏறத்தாழ 16 இலட்சம் பேர். அவர்கள் பெற்ற நிலம் ஏறத்தாழ 27 கோடி ஏக்கர். ஆனால், பதிவு செய்தும் பட்டா பெறும் வரை நிலைத்திராதவர்களும் பல இலட்சம் பேர் ஆவர். 1976-ஆம் ஆண்டில் இச்சட்டம் நீக்கப்பெற்றது. அலாஸ்காவில் மட்டும் மேலும் பத்தாண்டு நீடித்தது.

இன்னும் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. அரசாங்கம் வழங்கிய அந்நிலம் ஆளில்லாத வெறுநிலம் அன்று. நெபிராஸ்காவின் ஆற்றங்கரைகளில் பானி என்னும் தொல்குடி மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். அவர்களும் மண்ணாலேயே பெரிய வட்ட வீடுகள் அமைத்தனர், மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டனர், காட்டெருமை வேட்டையாடினர். 1833-ஆம் ஆண்டு முதல் 1857-ஆம் ஆண்டு வரை எழுதப்பெற்ற உடன்படிக்கைகளால் அவர்கள் நிலம் படிப்படியாகச் சுருங்கியது. 1870-களின் நடுவில், எஞ்சிய சிறு நிலத்தையும் விட்டு, இக்காலத்தில் ஓக்லஹோமா என வழங்கும் பகுதிக்குப் பெயர்ந்து சென்றனர். இங்கிலாந்து உழவன் தன் வண்டியோடு புல்வெளிக்குள் நுழைந்த அதே ஆண்டுகளில், பானி மக்கள் தம் முன்னோர் நிலத்தை விட்டு வெளியேறினர். நிலமின்றி வாடிய ஒருவர்க்கு நிலம் கிடைத்தபோது, நிலத்தோடு வாழ்ந்த மற்றொருவர் அதனை இழந்தனர்.

ஆகவே, அந்நிலம் விலையின்றிக் கிடைத்தது என்பது பொருந்தாது. குடியேறிய குடும்பம் தன் உழைப்பையும், பிறந்த நாட்டுக் குடிமையையும், பலபோது தன் நலத்தையும் விலையாகக் கொடுத்தது. அதனினும் பெருவிலையைக் கொடுத்தவர்கள் பட்டாவில் எங்கும் பெயர் இடம்பெறாத தொல்குடி மக்கள். முன்னவரின் விடாமுயற்சியைப் போற்றுவோம். பின்னவரின் இழப்பையும் நினைவிற் கொள்வோம். இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்தாலன்றி, அப்புல்வெளியின் வரலாறு நிறைவு பெறாது.