குடியினின்று மீள்தற்கு அறமும் அருளும்

திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை நாம் வகுப்பிலே பலமுறை கற்பித்திருக்கின்றோம். ஒருமுறை குடிப்போரின் இழிவை விரித்துரைத்துக்கொண்டிருந்தபோது, முன்வாங்கிலிருந்த மாணவனொருவன் தலைகவிழ்ந்து கண்ணீர் உகுத்தான். அவன் தந்தையார் மாலைதோறும் தவறணைக்குச் செல்பவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். நாம் உரைத்த அறம் அத்தந்தையாரின் செவிக்கு எட்டவில்லை; மகனின் நெஞ்சைச் சுட்டதொன்றே கண்ட பலன். அறநெறி குடியரை மீட்குமா, மீட்குமாயின் எவ்வாறு என்னும் வினா அன்று தொட்டு எம் உள்ளத்தில் நிலைத்தது. யாம் கண்ட விடையை இவ்விழா மலரிற் கூற விழைகின்றோம்.

முதற்கண் ஓர் உண்மையைத் தெளிதல் வேண்டும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவனுக்குக் குடி வெறும் பழக்கமன்று. உடலையும் மூளையையும் பற்றிய நோய். அவன் திடீரென நிறுத்துவானாயின் நடுக்கமும் வலிப்பும் மனமயக்கமும் தோன்றி உயிருக்கே இடர் நேர்தல் கூடும். ஆதலின் முதலில் நாடத்தக்கவர் வைத்தியரே. ஆயினும் மருந்து உடலைத் தெளிவித்த பின்னர், வீடு திரும்பியவன் தன் மாலைப்பொழுதை எதனால் நிரப்புவான்? இழந்த மதிப்பை எங்ஙனம் மீட்பான்? இவ்விடத்திலேதான் உளவளத்துணையும் அதனுள் அறமும் ஆன்மிகமும் இடம்பெறுகின்றன.

இதற்குச் சிறந்த சான்று அமெரிக்காவில் எழுந்த 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' என்னும் சங்கம். நியூயோர்க்கில் வாழ்ந்த பில் வில்சன் என்பார் குடியால் அழிவின் விளிம்பை எய்தி, 1934ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆன்மிக அநுபவத்தாற் குடியை விட்டார். விட்டவர், தாம் கண்ட குடியர்க்கெல்லாம் கடவுளைப் பற்றிப் போதித்தார். மாதங்கள் கழிந்தும் ஒருவரேனும் திருந்தவில்லை. அவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர் சில்க்வேர்த், "போதனையை நிறுத்தி, முதலில் நோயின் இயல்பை எடுத்துக் கூறுக" என்னும் கருத்துப்பட அறிவுரை பகர்ந்தார்.

1935ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்றன் நகருக்குத் தொழில்நிமித்தம் சென்ற வில்சன், எடுத்த காரியம் தோற்றமையால் மீண்டும் குடிக்கும் வேட்கைக்கு ஆளானார். அந்நிலையில் மற்றொரு குடியரோடு உரையாட விழைந்து, பொப் சிமித் என்னும் சத்திர வைத்தியரைச் சந்தித்தார். சிமித் முன்னரே சமயக் குழுவொன்றிற் சேர்ந்து வழிபட்டு வந்தும் குடியை விட இயலாதவர். வில்சன் அவருக்குப் போதிக்கவில்லை. தம் வீழ்ச்சியைக் கூறினார். தமக்கும் துணை வேண்டுமென்றார். சிமித் இறுதியாகக் குடித்த 1935 யூன் 10ஆந் திகதியே சங்கத்தின் தொடக்கநாளாகக் கொள்ளப்படுகின்றது. 1950இல் இறக்கும்வரை அவர் மீண்டும் குடித்திலர்.

இவ்வரலாறு எமக்கு வள்ளுவரையே நினைவூட்டுகின்றது. மேற்கூறிய அதிகாரத்தின் இறுதி இரு குறள்களையும் நோக்குக. குடித்து மயங்கியவனுக்குக் காரணங் காட்டித் தெளிவித்தல் இயலாதென்பது ஒன்று. தெளிந்திருக்கும் வேளையில் மயங்கிய மற்றொருவனைக் காண்பவன் தன் நிலையை எண்ணானோ என்பது மற்றொன்று. வெளியார் போதனையினும் தன்னைப் போன்றானைக் காணும் காட்சியே நெஞ்சைத் திறக்கும் என்பது இவற்றாற் பெறப்படும்.

1939இல் அச்சங்கத்தார் வெளியிட்ட நூல் பன்னிரண்டு படிகளை வகுத்தது. குடியின்முன் தன் வலிமை செல்லாதென ஒப்புக்கொள்ளல், தன்னிலும் மேலான ஆற்றலை நம்புதல், தன் குற்றங்களை அஞ்சாது ஆராய்ந்து பிறரொருவரிடம் உரைத்தல், தீங்கிழைக்கப்பட்டோர்க்கு ஈடுசெய்தல், பிற குடியர்க்கு உதவுதல் என்பன அவற்றின் சாரம். கடவுளை அவரவர் உணர்ந்தவாறே கொள்ளலாம் என்றமையால் எம்மதத்தார்க்கும் அதில் இடமுண்டு. 'யான்' என்னும் ஆணவமே உயிரைப் பிணிக்கும் மலமெனச் சைவ சித்தாந்தம் கற்ற எமக்கு, முதற்படியின் பொருள் எளிதில் விளங்கும்.

இம்முறை வெறும் நம்பிக்கையன்று. 2020ஆம் ஆண்டில் கொக்றேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,000 பேருக்கு மேல் பங்குபற்றிய 27 ஆய்வுகளை நோக்கியது. இடையறாது குடியை விலக்கி நிற்றலில், அச்சங்கத்தோடு நோயாளரை ஒழுங்குபட இணைக்கும் சிகிச்சைமுறை ஏனைய சிகிச்சைகளிலும் மேம்பட்டதென அது கண்டது. எமக்கு அண்மையிலே, குடியாற் கணவனை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் நிறுவிய சிகிச்சை நிலையம், வைத்தியத்தோடு உளவளத்துணையையும் குடும்பத்தாருக்கான துணையையும் இணைத்து நடத்தி வருகின்றது.

உளவளத்துணையாளர் தம் கொள்கையை நோயாளன்மீது சுமத்துபவரல்லர். அவன் உள்ளத்திற் புதைந்துகிடக்கும் மதிப்புகளை அவனே காணச் செய்பவர். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் குடியைத் தொடாதிருந்து, தீர்த்தம் முடிந்ததும் தவறணை புகுவாரை நாமறிவோம். அவரைப் 'போலிப் பக்தர்' என எள்ளுதல் எளிது. துணையாளரோ, "அந்நாட்களில் உம்மைத் தாங்கியது யாது? அதனை மேலும் ஒருநாள் நீட்டிப்பது எவ்வாறு?" என வினவுவார். பக்தியோ, பிள்ளைமேற் கொண்ட அன்போ, கொடுத்த சொல்லைக் காக்கும் மானமோ, எது விடையாகினும் அதுவே ஊன்றுகோல். மீண்டும் வழுக்கி வீழினும் அவனைக் கைவிடாமையே அருள்.

பழைய மாணவர்காள்! உம் நண்பரொருவர் இந்நோயுற்றிருப்பின் அவரை விலக்காதீர். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். குடியின்றிக் கூடியிருக்கும் ஒரு மாலையை அவருக்கு அளியுங்கள். மாணவர்காள்! தந்தையின் நோய் உங்கள் குற்றமன்று, தலைகவிழ வேண்டா, நம்பத்தக்க ஆசிரியரிடம் வாய்திறந்து கூறுங்கள்.

நாம் இன்றும் கள்ளுண்ணாமையைக் கற்பிக்கின்றோம். ஆனால், வகுப்பில் எவர் பிள்ளை இருக்கின்றான் என்பதை மறவாது கற்பிக்கின்றோம்.