கட்டாத மாளிகையில் ஒரு வருட வெயில்!

ஒரு பத்திரிகை அலுவலகம். அதன் சுவர் முழுவதும் கண்ணாடி!

உள்ளே இருப்பவர்கள் நகரத்தைப் பார்க்கலாம். தெருவில் போகிறவர்கள் அலுவலகத்தைப் பார்க்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், மாலை 4 மணி வெயில் நேராக முகத்தில் அடித்தால், நிருபர் எப்படிச் செய்தி எழுதுவார்?

அமெரிக்காவில், "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகைக்குப் புதிய கட்டடம் கட்டத் திட்டமிட்டபோது இந்தக் கேள்வி எழுந்தது.

கட்டடம் 52 மாடி. அதற்குத் திட்டம் வரைந்தவர், இத்தாலி நாட்டுக் கட்டடக்கலை நிபுணர் ரென்சோ பியானோ. சாயம் ஏற்றாத தெளிந்த கண்ணாடி போடுவது, அதற்கு வெளியே வெள்ளைப் பீங்கான் குழல்களை வரிசையாக வைத்து வெயிலைத் தடுப்பது என்று முடிவாயிற்று.

ஆனால், கண் மட்டத்தில் குழல் வைக்க முடியாது. வைத்தால் வெளியே பார்க்க முடியாதே! அங்கே இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளி வழியாக வெயில் உள்ளே வரும்.

திரை விழுந்தால்...

கண் கூசினால் மனிதன் என்ன செய்வான்? எழுந்து போய்த் திரையை இழுத்து விடுவான்.

வெயில் போன பிறகு திரையைத் திறப்பானா? பெரும்பாலும் மறந்து விடுவான். மறுநாளும் திரை மூடியே கிடக்கும். அறை இருட்டாகும். பட்டப்பகலில் விளக்கு எரியும்.

பெரும் பணம் போட்டுக் கண்ணாடிச் சுவர் எழுப்பி, அதைத் துணியால் மூடிவிட்டு, விளக்குக்கும் பணம் கட்டுவதா?

பழைய கணக்கு

அறைக்குள் எவ்வளவு வெளிச்சம் வரும் என்று பார்க்க ஒரு பழைய கணக்கு உண்டு.

வெளிச்சத்தை "லக்ஸ்" என்ற அளவால் அளப்பார்கள். ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் ஒரு காகிதத்தைப் பிடித்தால், அதன்மேல் விழும் வெளிச்சம் சுமார் 1 லக்ஸ். உச்சி வெயிலோ சுமார் 1 லட்சம் லக்ஸ்!

மேகம் மூடிய நாளில் வெளியே 10 ஆயிரம் லக்ஸ், மேஜை மீது 200 லக்ஸ் என்றால், அந்த அறைக்கு 2 சதவீத மார்க். இதுதான் பழைய கணக்கு.

இதில் ஒரு பெரிய ஓட்டை. மேகம் மூடிய வானத்தில் சூரியனே தெரியாது! ஜன்னல் கிழக்கே இருந்தாலும் மேற்கே இருந்தாலும் ஒரே மார்க்தான். முகத்தில் அடிக்கும் மாலை வெயில் இந்தக் கணக்கில் வராது.

ஒரு மூலை மட்டும்

பத்திரிகை நிர்வாகம், கலிபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆராய்ச்சிக்கூடத்தின் உதவியை நாடியது.

கட்டடத்தின் தென்மேற்கு மூலையைப் போல, அதே அளவில், ஒரு மாதிரிக் கட்டடம் எழுந்தது. பரப்பு 401 சதுர மீட்டர். அதாவது சுமார் 4,300 சதுர அடி. உள்ளே மேஜை நாற்காலிகள் போட்டார்கள். வெயிலுக்குத் தகுந்தபடி தானாக ஏறி இறங்கும் திரைகளையும், தானாக மங்கும் விளக்குகளையும் மாட்டினார்கள். 9 மாதம் அளந்து பார்த்தார்கள்.

ஆனால், அது ஒரு மூலைதானே? மற்றத் திசைகள்? மேல் மாடிகள்? பக்கத்துக் கட்டடங்களின் நிழல்? 52 மாடிக்கும் மாதிரி கட்ட முடியுமா?

அங்கேதான் கம்ப்யூட்டர் கை கொடுத்தது.

பின்னோக்கிப் போகும் கதிர்

அதே ஆராய்ச்சிக்கூடத்தில் 1980-களில் கிரெக் வார்டு என்ற விஞ்ஞானி தொடங்கிய கம்ப்யூட்டர் புரோகிராமின் பெயர் "ரேடியன்ஸ்". சூரியனிலிருந்து புறப்படும் கதிர்களையெல்லாம் துரத்தினால் கணக்கு முடியாது. ஆகவே இது தலைகீழாக வேலை செய்கிறது. மேஜையிலிருந்து கிளம்பி, சுவரைத் தொட்டு, கூரையைத் தொட்டு, ஜன்னல் வழியாக வானத்தை அடைகிறது!

சரி, வருடத்துக்கு 8,760 மணி நேரம். பாதி இரவு என்றாலும், மீதியை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டால் வெகு நேரம் பிடிக்குமே?

அதற்கு ஒரு வழி உண்டு. 1983-ம் ஆண்டில் டிரெஜென்சா, வாட்டர்ஸ் என்ற இருவர் அதைச் சொன்னார்கள். வானத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. இன்று 145 துண்டுகள் என்பது வழக்கம். ஒவ்வொரு துண்டும் மேஜைக்கு எவ்வளவு வெளிச்சம் தரும் என்று ஒரே ஒரு முறை கண்டுபிடித்துக் கொள்வது. பிறகு அந்த ஊரின் வானிலைக் குறிப்பை வைத்து, மணிக்கு மணி பெருக்கிக் கூட்டுவது. நேர் வெயிலுக்குத் தனிக் கணக்கு.

ஜனவரி முதல் டிசம்பர் வரை எல்லா நாளும் வந்துவிடும். கட்டடத்துக்கு இன்னும் ஒரு கல்கூட வைத்திருக்க வேண்டியதில்லை!

இரண்டு கேள்விகள்

2012-ம் ஆண்டில் அமெரிக்க விளக்கொளிப் பொறியாளர்கள் சங்கம் இதற்கு விதி வகுத்தது. கேள்விகள் இரண்டு.

காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை உள்ள நேரத்தில், பாதி நேரமாவது 300 லக்ஸ் வெளிச்சம் கிடைக்கிறதா?

1,000 லக்ஸுக்கு மேற்பட்ட நேர் வெயில், வருடத்தில் 250 மணி நேரத்துக்கு மேல் விழுகிறதா?

முதல் கேள்வி இருட்டைப் பிடிக்கும். இரண்டாவது கேள்வி கண் கூச்சத்தைப் பிடிக்கும். முதல் கேள்விக்குக் கணக்குப் போடும்போது, வெயில் விழும் நேரத்தில் திரை மூடப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பலன் என்ன?

டைம்ஸ் கட்டடம் 2007-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. திரைகள் தாமாகவே இறங்கின. வெயில் போனதும் தாமாகவே ஏறின.

ஆராய்ச்சிக்கூடத்தார் பிறகு மின்சாரக் கணக்கைச் சரி பார்த்தார்கள். முடிவு 2013-ம் ஆண்டில் வெளிவந்தது. கட்டட விதிகளின் குறைந்தபட்ச அளவுக்குக் கட்டியிருந்தால் ஆகக்கூடிய மின்சாரத்தைவிட 24 சதவீதம் குறைவு! திரை, விளக்கு, குளிர்காற்று ஏற்பாடு எல்லாம் சேர்ந்து தந்த பலன் இது.

நிபுணர்கள் வெயிலை எண்ணினார்கள். வெயில் அடித்தால் திரையை இழுத்துவிட்டு, திறக்க மறந்துபோகும் மனிதனையும் சேர்த்து எண்ணினார்கள். அதனால்தான் கணக்கு பலித்தது!