பொய்யாள் காக்கும் வயல்

ஒக்டோபர் கடைசியில் கனடாவிலிருந்து படங்கள் வந்து சேரும். ரொறன்ரோவில் இருக்கும் மருமக்கள் வீட்டு முற்றத்தில் பிளாஸ்ரிக் எலும்புக்கூட்டைக் கதிரையில் இருத்தி, மரக்கிளையில் வெள்ளைத்துணிப் பேயைத் தொங்கவிட்டு, கண்ணும் வாயும் வெட்டிய பூசணிக்காய்க்குள் விளக்கேற்றி வைத்திருப்பார்கள். ஹலோவீன் கொண்டாட்டம். அதே கிழமைகளில் வவுனியாவில் காலபோக விதைப்பு நடக்கும். ஓமந்தையிலும் செட்டிகுளத்திலும் நெடுங்கேணியிலும் வீட்டு முற்றத்தில் இன்னோர் உருவம் தயாராகும். அதற்கு வேண்டியது இரண்டு தடி, ஒரு பழைய சேட்டு, ஒரு கட்டு வைக்கல். அங்கே செய்யும் பேயைக் கண்டு பிள்ளைகள் சிரித்தாலும் குற்றமில்லை. இங்கே செய்வதைக் கண்டு கிளி மெய்யாகவே பயப்பட வேண்டும். அதனால் இங்கே வேலை கொஞ்சம் கடினம்.

இதற்கு எங்கள் பக்கத்துப் பெயர் வெருளி. தமிழ்நாட்டில் சோளக்கொல்லைப் பொம்மை என்பார்கள், சிங்களத்தில் பம்பயா. வெருள் என்றால் பயப்படு, வெருட்டு என்றால் பயமுறுத்து. "பிள்ளையை வெருட்டாதே" என்று இன்றும் பேசுகிறோம். அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கைச் சொன்னார்: அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். அது மனிதர் பக்கத்துப் பட்டியல். கிளியையும் காகத்தையும் கேட்டு எழுதியிருந்தால் மனிதன் முதலிடத்தில் இருந்திருப்பான். வெருளி அந்த முதலிடத்தை நம்பித்தான் நிற்கிறது.

எப்படிச் செய்கிறார்கள்?

ஆளுயரத்துக்கு மேலான ஒரு தடியை நிலத்தில் ஊன்ற வேண்டும். தோள் உயரத்தில் குறுக்குத் தடி ஒன்று. இதை ஆணி அடித்து இறுக்குபவர்கள் உண்டு. கைதேர்ந்தவர்கள் தும்புக் கயிற்றால் கொஞ்சம் தளரவே கட்டுவார்கள். காற்று வரும்போது கை ஆட வேண்டும் என்பதற்காக. உடம்புக்கு வைக்கல் அடைத்த உரப்பை, அதன்மேல் சேட்டு, இடுப்பில் சாரம். சட்டைக் கையின் நுனியைக் கட்டாமல் விட்டால் அது படபடக்கும். தலைக்குக் கவிழ்த்த பழைய சட்டி. அதில் சுண்ணாம்பால் பெரிய வெள்ளை வட்டம் இரண்டு, நடுவே கரியால் கறுப்பு வட்டம். கண்ணுக்கே கூடுதல் கவனம். மூக்கும் வாயும் பிள்ளைகளின் விருப்பத்துக்கு. தகப்பன் தடி நட, தாய் உடுப்புத் தேட, பிள்ளைகள் முகம் கீற, அரை நாளில் ஆள் எழுந்து நிற்கும்.

கடைச்செலவு ஏறக்குறைய இல்லாத இந்தக் கருவிக்குள் மூன்று உத்திகள் இருக்கின்றன: மனித உருவம், அசைவு, கண். மூன்றாவதை ஆய்வாளர்கள் தனியே சோதித்திருக்கிறார்கள். புழுவைக் கொத்த வந்து இறங்கும் குருவியின் முன்னால் சட்டென்று சில வடிவங்களை ஒளிரவைத்துப் பார்த்தார் ஏ. டி. பிளெஸ்ட் என்ற விலங்கியலாளர். 1957 இல் வெளிவந்த அவருடைய முடிவு இது: கோட்டையும் சிலுவையையும் விட, வட்டத்துக்குள் வட்டமாகக் கண்போல் இருந்த வடிவங்களே குருவிகளைக் கூடுதலாக வெருட்டின. ஆந்தை, பூனை, சிறுத்தை ஆகிய வேட்டை விலங்குகளுக்கு இரு கண்ணும் முன்னோக்கி இருக்கின்றன. தன்னை நேரே பார்க்கும் இரு கண்கள் இரையாகும் உயிருக்கு நல்ல செய்தி அல்ல.

வேட்டைக்காரனும் இதே கண்ணுக்குப் பின்வாங்குவதுண்டு. பொற்சுவானாவின் ஒக்கவாங்கோ ஆற்றுப் படுகையில் மாடுகளின் பின்பக்கத்தில் இரண்டு கண்ணை வரைந்து நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2020 இல் வெளிவந்தது. கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றைக்கூடச் சிங்கமோ சிறுத்தையோ கொல்லவில்லை. ஒன்றும் வரையாத 835 மாடுகளில் 15 பலியாயின. பதுங்கி வரும் விலங்கு, இரை தன்னைக் கண்டுவிட்டது என்று நினைத்தால் பாய்ச்சலைக் கைவிடும். சட்டித்தலையில் சுண்ணாம்புக் கண் கீறும் பிள்ளைக்கு இந்த ஆய்வு தெரியாது. கை மட்டும் சரியாகவே கீறுகிறது.

ஏன் சில நாளில் சோர்கிறது?

எல்லாம் சரியாகச் செய்தும், ஐந்தாறு நாளில் வெருளியின் தோளிலேயே காகம் இருப்பதைக் காணலாம். வேலை செய்யாமல் நிற்பவனை "வெருளி மாதிரி நிக்கிறான்" என்று ஏசுவது இந்தக் காட்சியால்தான்.

பயப்படுவதற்கும் ஒரு செலவு உண்டு. ஒவ்வொரு முறை பறந்தோடும்போதும் பறவை ஒரு வாய் உணவை இழக்கிறது, உடம்பின் சக்தியையும் இழக்கிறது. ஓடியதற்குக் காரணம் இருந்தால் அது இலாபம். இல்லாவிட்டால் வெறும் நட்டம். ஒரே இடத்தில், ஒரே கோலத்தில், ஒன்றும் செய்யாமல் நிற்கும் உருவத்தைப் பறவையின் மூளை சில நாளில் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். இதைப் பழக்கப்படல் என்கிறது விலங்கு நடத்தையியல். பறவையின் முட்டாள்தனத்தால் வெருளி வெல்கிறது என்று நாம் நினைக்கிறோம். பறவை முட்டாளாக இருந்தால் வெருளியை நட்டுவிட்டு நாம் நித்திரை கொள்ளலாமே.

வங்காளத்தின் சுந்தரவனத்திலும் இதே கதைதான். தேன் எடுக்கவும் விறகு வெட்டவும் காட்டுக்குள் போவோரைப் புலி எப்போதும் பின்னால் வந்து தாக்கியது. 1986 அளவில் அவர்களுக்கு மனித முகமூடி கொடுத்துப் பிடரியில் அணியச் சொன்னார்கள். தொடக்கத்தில் நல்ல பலன் கிடைத்தது. சில ஆண்டுகளில் புலிகள் பொய்முகத்தைப் புரிந்துகொண்டன என்று செய்தி வந்தது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சியற்றில் நகரில் ஜோன் மார்ஸ்லஃப் என்ற பறவையியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2006 இல் குகைமனிதன் வடிவ ரப்பர் முகமூடியை அணிந்துகொண்டு ஏழு காகங்களை வலையில் பிடித்து, வளையமிட்டு விட்டார்கள். அதன் பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கரைந்து விரட்டின. வேறு முகமூடிக்கு அந்த மரியாதை இல்லை. ஆண்டுகள் போகப்போக விரட்டும் காகங்களின் தொகை கூடியது. வலையில் ஒருநாளும் அகப்படாதவையும் சேர்ந்துகொண்டன. ஒரு முகம் ஒருமுறையாவது உண்மையில் தீங்கு செய்திருந்தால், அதைப் பார்த்துப் பயப்படும் பழக்கம் காகத்திலிருந்து காகத்துக்குப் பரவும்.

இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் வெருளியின் இரகசியம் பிடிபடும். வெருளிக்குச் சொந்தமாக ஒரு பயங்கரமும் இல்லை. அது வீட்டுக்காரரின் பயங்கரத்தைக் கடன் வாங்கி நிற்கிறது. கல்லெறிந்து, கத்தி, தகரம் தட்டி ஓடிவரும் ஒருவர் இடையிடையே வயலில் இருந்தால்தான், அவரைப் போன்ற உருவமும் ஆபத்தாகத் தெரியும். ஆகவே வெருளிக்குக் கடைப் பேய்முகம் தேவையில்லை. கிளி விரட்டும்போது நீங்கள் போடும் சேட்டே அதற்கும் உகந்த உடுப்பு. யப்பானில் நகோரோ என்ற மலைக்கிராமத்தில் ஒரு பெண்மணி விதையைக் காக்கத் தன் தகப்பனின் சாயலில் வெருளி ஒன்று செய்தார். அயலவர்கள் அவரென்றே நினைத்து வணக்கம் சொல்லிப் போனார்களாம். ஊராரே ஏமாறினால் குருவி ஏமாறாதா?

கை, கவண், கசட்

ஆளும் ஒலியும் சேர்ந்த காவல் எங்களுக்குப் புதிதல்ல. தினைப்புனத்தில் கிளியோட்ட மகளிர் வைத்திருந்த தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு பெயர் சொல்லிக் குறிக்கிறது. கவண்கல்லும் பரணும் சங்கப் பாடல்களில் பல இடங்களில் வரும். வன்னியில் உழுந்தும் கச்சானும் சோளமும் விளையும் மேட்டுநிலத்தில் பரண் இன்னும் இருக்கிறது. தட்டையின் இடத்துக்குத் தகரப்பேணி வந்திருக்கிறது.

இதில் எங்கள் காலத்து நல்ல கண்டுபிடிப்பு பாட்டுக் கசட். அறுபது நிமிடக் கசட் ஒன்றுக்குள் ஏறத்தாழ 90 மீற்றர் நாடா இருக்கும். அகலம் நான்கு மில்லிமீற்றருக்கும் குறைவு. கேட்டுத் தேய்ந்த கசட்டை உடைத்து, நாடாவை வரம்புக்கு வரம்பு தடிகளில் இழுத்துக் கட்டுவார்கள். நடுவில் ஒரு முறுக்குப் போட்டால் எந்தத் திசைக் காற்றுக்கும் நாடா அகப்படும். விளிம்பை வெட்டிக்கொண்டு போகும் காற்று மாறிமாறிச் சுழிக்கும். அந்தச் சுழிப்பில் நாடா அதிர்ந்து ரீங்காரமிடும். வெயிலில் மினுங்கவும் செய்யும். சிறுபோகத்தில் சோளகம் அடிக்கும்போது இந்தச் சத்தம் வயல் முழுக்கக் கேட்கும். காற்று விழுந்த நாளில் நாடா ஊமை. அன்றைக்கு ஆள் இறங்கத்தான் வேண்டும்.

வெருளிக்கு அடங்காதவை

குருவிக்கும் கிளிக்கும் வெருளி போதும். மயில் நாலைந்து நாள் யோசிக்கும். குரங்கு வெருளியின் சட்டைப் பையைத் தேடிப் பார்க்கும். குரங்கு, மயில், மர அணில் ஆகியவற்றின் தொல்லை எவ்வளவு பெரிதென்றால், 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி நாடு முழுக்க அவற்றை எண்ணச் சொன்னது அரசாங்கம்.

காட்டுப்பன்றியும் யானையும் இரவில் வருகின்றன. இருட்டில் சுண்ணாம்புக் கண்ணுக்கு வேலை இல்லை. கண்ணைவிட மூக்கை நம்பும் யானை, வைக்கலுக்குள் ஆள் இல்லை என்பதைத் தூரத்திலேயே அறியும். 2011 கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 யானைகள். அவற்றின் வழியில் வயலும், வயலின் வழியில் அவையும் குறுக்கிடும் மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. யானை வெடி, தீப்பந்தம், சூரிய சக்தி மின்வேலி எல்லாம் பயன்படுகின்றன. வெடிச்சத்தமும் ஒரு வெருளிதான். யானை அதற்கும் பழகும்.

யானைக்கு உண்மையான தீங்கு செய்யக்கூடிய ஒன்றையே காவலுக்கு வைத்தால்? அது தேனீ. கலைந்த தேனீக்களின் இரைச்சலை உடவளவையில் காட்டு யானைகளுக்குப் போட்டுக் காட்டியபோது அவை பின்வாங்கின. லூசி கிங் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2018 இல் இதை வெளியிட்டார்கள். வஸ்கமுவைப் பக்கத்தில் தேனீப்பெட்டி கட்டிய வேலிகளும் பரீட்சிக்கப்படுகின்றன. தும்பிக்கையில் ஒருமுறை கொட்டு வாங்கிய யானைக்கு அந்த இரைச்சல் பொய்யாகப் படாது.

வெருட்டுவதை விட்டுக் கொல்வதற்கு இறங்குவோரும் இருக்கிறார்கள். தீனிக்குள் வெடி மறைத்து வாயைச் சிதைக்கும் ஹக்க பட்டாஸ், கட்டுத்துவக்கு, வீட்டு மின்சாரத்தை நேரே பாய்ச்சிய கம்பி. இவை சட்டவிரோதம் என்பது ஒருபுறம். யானைக்கு வைத்த கம்பியில் வயற்காரரே அகப்பட்டுச் செத்த செய்திகள் இன்னொருபுறம். வெருளி ஒருவரையும் கொன்றதில்லை.

வளவுக்குள் ஒன்று

வயலை விட்டு வீட்டு வளவுக்குள் வந்தும் வெருளி நிற்கும். கட்டி முடியாத வீட்டின் முன்னால், உரப்பையில் செய்து, நாக்கை நீட்டி, தொப்பி போட்டு. இது கண்ணூறு வெருளி. இது வெருட்டுவது குருவியை அல்ல, அயலாரின் பார்வையை. போர் முடிந்தபின் வன்னியெங்கும் வீடுகள் எழுந்த ஆண்டுகளில் பாதி கட்டிய சுவர்களுக்கு முன்னால் இவை நின்றன. வீடு முடிந்ததும் நீற்றுப்பூசணிக்காய் வெட்டிக் குடிபுகுவோம். தமிழ்நாட்டில் பூசணிக்காயில் அரக்கன் முகம் எழுதிக் கட்டித் தொங்கவிடுவார்கள். அயர்லாந்தில் டேர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டியவர்கள் அமெரிக்காவுக்குப் போய்ப் பூசணிக்கு மாறினார்கள். வெவ்வேறு ஊர், ஒரே யோசனை: கெட்டது வருமுன் அதைவிடக் கோரமான முகம் ஒன்றை வாசலில் வைத்துவிடு.

மண்டையோட்டை மட்டும் எங்கள் ஆட்கள் வளவு அலங்காரத்துக்கு எடுக்கவில்லை. 2009 க்குப் பின்னும் பல ஆண்டுகள், வவுனியா வடக்குக் காணிகளின் ஓரத்தில் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடிப் பலகைகள். அவை பொய் சொல்லவில்லை. அந்தப் பலகைகள் எடுபட்ட நிலத்தில் சட்டித்தலை வெருளி நிற்பதைக் காண்பது ஒரு வகையில் நிம்மதி.

கடைசியாக, இந்தப் போகம் விதைப்போருக்குச் சில வார்த்தைகள். மூன்றரை மாத நெல்லுக்கு வெருளி மூன்றரை மாதமும் வேண்டாம். விதைத்த முதல் பத்து நாளும், கதிர் பால் பிடிப்பதிலிருந்து அறுவடை வரையுமே பறவைக் காலம். இடையில் கழற்றிக் கொட்டிலில் வையுங்கள். நிற்கும் நாட்களில் இரண்டு நாளுக்கொருமுறை இடம் மாற்றுங்கள், சட்டை மாற்றுங்கள்; தினமும் ஒருதரமாவது நீங்களே இறங்கி விரட்டுங்கள். அறுவடை முடிந்த அன்றே பிடுங்குங்கள். கசட் நாடாவையும் மிச்சம் விடாமல் சுருட்டி எடுங்கள், மாடு தின்றுவிடும். வெறும் வயலில் சும்மா நிற்கும் வெருளி, அடுத்த போகத்துக்கு வரப்போகும் குருவிக்கு இப்போதே பாடம் நடத்திக்கொண்டிருக்கும்.